கண்டி வீதியை ஏன் ஹைவே ஆக்க முடியாது? இருநூறு வருடக் கதை



கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் வகுப்பறையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று: “இருக்கிற கண்டி வீதியையே நாலு லேனாக்கி ஹைவே ஆக்கினால் என்ன? எதற்காக வயலையும் மலையையும் வெட்டிப் புது ரோட்டுப் போட வேண்டும்?” நியாயமான கேள்விதான். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். மாவனல்லை, கேகாலை, ரம்புக்கனைப் பக்கம் காணி பூமி உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

கண்டி மன்னர் காலத்தில் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு வண்டி போகும் வீதி இருக்கவில்லை. இருந்தவை ஒற்றையடிப் பாதைகள். வீதி போடத் தெரியாமல் அல்ல, நல்ல வீதி இருந்தால் பீரங்கியும் அதில் ஏறி வரும் என்பதால்தான். கணவாய்களில் முள்வேலிக் கதவு போட்டுக் காவல் வைத்தார்கள். சிங்களத்தில் அதற்குப் பெயர் ‘கடவத’. அந்தப் பாதைகளில் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிப் போய், பாக்கு ஏற்றி வந்தவர்களில் நம்மவர்கள் பலர். அரசனின் போக்குவரத்துப் பகுதியான ‘மடிகே பத்த’வில் சேவை செய்த முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, படையை மலைக்கு ஏற்றுவது எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்கு விளங்கியது. அதனால் 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியைப் போட்டார். பொறியியலாளர் கெப்டன் டோசன். கடுகண்ணாவையில் துளைத்த பாறையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டோசன் 1829இல் இறந்தார். அவருக்கு எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. ஆனால் மண் வெட்டியவர்களுக்கு, கல் உடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. ராஜகாரிய முறையில் கூலியில்லாமல் பிடித்து வரப்பட்ட கிராமத்து மக்கள் அவர்கள். கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல்தான் அந்தக் கட்டாய வேலை ஒழிக்கப்பட்டது.

அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. மஹா ஓயாவுக்கு மேல் நம் மாவனல்லைப் பாலமும் அந்தக் காலத்துச் செங்கல் வேலைதான். பிறகு கோப்பித் தோட்டங்கள் வந்தன. மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் இரவு பகலாக இறங்கின. வண்டிக்காரனுக்குச் சாப்பாடு வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், லாடம் வேண்டும், இரவில் தங்க இடம் வேண்டும். கடை வந்தது, கடைக்குப் பின்னால் வீடு வந்தது, வீட்டுக்குப் பின்னால் பள்ளிவாசலும் பாடசாலையும் வந்தன. படைக்காகப் போட்ட வீதி, கரையெல்லாம் ஊராகிப் போனது.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. அது வீதியோடு வரவில்லை. பொல்கஹவெல, ரம்புக்கனை வழியாக ஏறிக் கடுகண்ணாவையில்தான் மீண்டும் வீதியைத் தொட்டது. கேகாலையும் மாவனல்லையும் ஒரு பக்கமாக விடப்பட்டன. நெடுந்தூரச் சரக்கும் பயணியும் ரயிலுக்கு மாறினர். கண்டிக்குப் போன குதிரை வண்டியின் காலம் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் பஸ்ஸும் லொறியும் வந்த பிறகே வீதிக்குப் பழைய உயிர் திரும்பியது.

இனி ஹைவே கேள்விக்கு வருவோம். நாலு லேன் இருந்தால் அது ஹைவே என்று நினைக்கிறோம். அகலம் அல்ல விஷயம், வாசல்தான் விஷயம். ஹைவேயில் குறிப்பிட்ட இன்டர்சேன்ஞ்சுகளில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். குறுக்குச் சந்தி இல்லை, வலது பக்கம் திரும்புவது இல்லை. நடந்து போகிறவருக்கும் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் இடமில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்ற வளைவும் சரிவும் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் வருகிறவன் முன்னால் திடீரென்று ஒரு பிள்ளையோ ஓட்டோவோ வரக்கூடாது. ஹைவேயின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

இப்போது நம் ஏ1 வீதியை எடுத்துப் பாருங்கள். சுமார் 116 கிலோமீற்றர். இரண்டு பக்கமும் வீட்டுக் கேற், கடை, பாடசாலை, பள்ளி, பன்சலை, பஸ் தரிப்பிடம். இதை ஹைவே ஆக்குவது என்றால் அத்தனை வாசலையும் மூட வேண்டும். மூடினால் அந்த மக்கள் வெளியே வர இரண்டு கரையிலும் வேறு வீதி போட வேண்டும். அதற்கு இரண்டு வரிசைக் கட்டடங்களையும் உடைக்க வேண்டும். கடுகண்ணாவை வளைவுகளை நிமிர்த்த முடியுமா? 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் போனதையும் வீதி மூடப்பட்டதையும் பார்த்தோம். அந்த மலையை இன்னும் வெட்டச் சொல்ல யாருக்கு மனம் வரும்? கொழும்புப் பக்கம் சில பகுதிகளை நாலு லேனாக்கினார்கள். அங்கேயும் வாசல்களும் சந்திகளும் அப்படியே இருக்கின்றன. அது அகலமான வீதி, ஹைவே அல்ல.

தெற்கிலும் இதே முடிவைத்தான் எடுத்தார்கள். காலி வீதியை விட்டுவிட்டு, களுத்துறை, பேருவளை, அம்பலாங்கொடை எல்லாவற்றையும் கடற்கரைப் பக்கம் விட்டு, உள்ளே புதுப் பாதை வெட்டினார்கள். கொட்டாவ–காலிப் பகுதி 2011 நவம்பரில் திறந்தது. மூன்று மணித்தியாலப் பயணம் ஒரு மணித்தியாலமானது. நன்மைதான். ஆனால் வழியில் இருந்த ஊர்களில் நிற்காமலேயே காலிக்குப் போகும் காலமும் அன்றுதான் தொடங்கியது.

மத்திய அதிவேக நெடுஞ்சாலை கடவத்தையில் தொடங்குகிறது. அன்று காவல் வாயிலைக் குறித்த பெயருள்ள ஊர், இன்று ஹைவேயின் வாயில். மீரிகம–குருணாகல் பகுதி, சுமார் 40 கிலோமீற்றர், 2022 ஜனவரியில் திறந்தது. கொழும்போடு அதை இணைக்கும் கடவத்தை–மீரிகம 37 கிலோமீற்றர், சீனக் கடனில் செய்யும் வேலை, பொருளாதார நெருக்கடியில் நின்று போய் 2025 செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் நடுத்துண்டு மட்டும் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. கண்டிப் பக்கம் திரும்பும் மூன்றாம் கட்டத்தின் திட்டம் பொத்துஹெரயிலிருந்து ரம்புக்கனை வழியாகக் கலகெதர வரை, சுமார் 32 கிலோமீற்றர்.

கவனித்தீர்களா? மறுபடியும் ரம்புக்கனை வழி. 1867இல் ரயில் செய்ததையே ஹைவேயும் செய்யப் போகிறது. கேகாலையும் மாவனல்லையும் மறுபடியும் ஒரு பக்கம்.

நான் ஹைவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்புலன்சில் நோயாளியைக் கொழும்புக்குக் கொண்டு போனவனுக்கு அதன் அருமை தெரியும். ஏ1இல் நெரிசல் குறைந்தால் நம் பிள்ளைகள் வீதியைக் கடப்பதும் லேசாகும். ஆனால் மூன்று விஷயங்களை இப்போதே பேச வேண்டும்.

முதலாவது, இணைப்பு வீதி. நம் ஊரிலிருந்து இன்டர்சேன்ஞ் வரை போகும் வீதி எந்த நிலையில் இருக்கும்? அது ஒடுங்கிக் கிடந்தால் ஹைவே நமக்கு மேலே பறக்கும் விமானம் மாதிரிதான். வழிப்பயணியை நம்பி இருக்கும் கடைக்காரர்கள், அவன் நிற்காமல் போகும் காலத்துக்கு என்ன வியாபாரம் என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, காணி. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் ஒழுங்கு இருக்கிறது. 2ஆம் பிரிவு அறிவித்தலோடு வேலை தொடங்கும். 7ஆம் பிரிவு அறிவித்தலில் உரிமை கோருவோரை அழைப்பார்கள். 9ஆம் பிரிவில் விசாரணை. அவசரம் என்றால் அது முடிய முன்னரே 38ஆம் பிரிவின் கீழ் காணியைப் பொறுப்பேற்க முடியும். காணி போன பிறகு உறுதியைத் தேடி ஓடுவது கஷ்டம். நம் பக்கத்தில் வாப்பாவின் பேரிலோ மூத்தவாப்பாவின் பேரிலோ பிரிக்காமல் கிடக்கும் காணிகள் எத்தனை? உரிமை தெளிவில்லாத இடத்தில் நஷ்டஈடும் இழுபடும். வாரிசுகள் ஒன்றாக உட்கார்ந்து அதை இப்போதே சரி செய்யுங்கள்.

கேட்டால் பலன் உண்டு என்பதற்குத் தெற்கில் சான்று இருக்கிறது. அதிவேகப் பாதையின் தடம் தங்களைக் கேட்காமலே மாற்றப்பட்டு, வீடும் காணியும் அதற்குள் அகப்பட்ட சிலர் நீதிமன்றம் போனார்கள். பொது நலன் கருதி வீதி நிறுத்தப்படவில்லை. ஆனால் அவர்களைக் கேட்காதது இயற்கை நீதிக்கு முரண் என்று ஏற்று, அதற்காகவும் நஷ்டஈடு வழங்குமாறு 2004இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, தண்ணீர். ஹைவே மண் அணையில் உயர்ந்து போகும் இடங்களில் மதகு போதாவிட்டால் அந்த அணை குளக்கட்டாகிவிடும். தெற்கில் வெலிப்பன்னை இன்டர்சேன்ஞ்சே வெள்ளத்தால் மூடப்பட்ட நாட்கள் உண்டு. நம் பக்கம் வயல் மட்டுமல்ல, சரியும் மலையும் இருக்கிறது. எந்த ஓடை எந்தப் பக்கம் போகிறது, எந்த மேட்டில் முன்பு வெடிப்பு விட்டது என்று வரைபடத்தை விட நம் ஊர் மூத்தவர்களுக்குத் தெரியும். அதை எழுதி, கையொப்பமிட்டு, பிரதேச செயலகத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ன்ஸ் காலத்தில் நம் ஊரை யாரும் கேட்கவில்லை, பிடித்துக் கொண்டு போய் வேலை வாங்கினார்கள். ரயில் வந்தபோதும் கேட்கவில்லை. இன்று சட்டமும் தீர்ப்பும் வாக்கும் நம் கையில் இருக்கின்றன. பள்ளி நிர்வாகங்களும் பன்சலையும் கடைக்காரர் சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டம் வையுங்கள். வீதி பற்றிய பழைய படம், உறுதி, கடிதம் வீட்டில் இருந்தால் எனக்கும் ஒரு பிரதி தாருங்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவும்.