பயிற்சி வார்டு, பல்துறை மாணவர்

மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, தொழில்வழிச் சிகிச்சை ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்கள் ஒரே குழுவாக நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவமனைப் பிரிவு. பொறுப்பு மாணவர்களுடையது, அந்தந்தத் துறை மூத்தவர்கள் மேற்பார்வையிடுவர்.

பல துறையினரைச் சேர்த்துப் பயிற்றும் யோசனை 1972இலேயே அமெரிக்க அறிக்கை ஒன்றில் பேசப்பட்டது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் இதை வலியுறுத்தியது.

ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1986இல் சுகாதார அறிவியல் புலம் தொடங்கியபோது, எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவான தொடக்கப் பாடம் வைக்கப்பட்டது. வகுப்பறையில் சேர்ந்து படித்தவர்களை நோயாளியின் படுக்கையருகே சேர்த்தது 1996இல் அங்கு திறக்கப்பட்ட எலும்பு சிகிச்சைப் பயிற்சி வார்டு. உலகின் முதல் பயிற்சி வார்டு இதுவே என்பது வழக்கமான கூற்று. அதே ஆண்டில் லண்டன் ராயல் மருத்துவமனையிலும் இத்தகைய முயற்சி நடந்ததால், அதைச் சற்றுத் தயக்கத்துடனே ஏற்க வேண்டியுள்ளது. ஸ்டாக்ஹோமிலும் பின்னர் இத்தகைய வார்டு வந்தது.

எலும்பு சிகிச்சைப் பிரிவு இதற்குப் பொருத்தமான இடம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மூதாட்டி ஒருவர் காலையில் கழிப்பறைக்குப் போவதையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே வலி மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று பிசியோதெரபி மாணவர் சொல்ல வேண்டும். இருக்கையின் உயரத்தைத் தொழில்வழிச் சிகிச்சை மாணவர் பார்க்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் மூதாட்டி படுக்கையிலேயே காத்திருப்பார். ஸ்வீடன் வார்டுகளில் உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது போன்ற அடிப்படைப் பராமரிப்பில் நாளைய டாக்டர்களும் பங்கெடுத்தனர். இரண்டு வாரப் பயிற்சியில் அவர்கள் கற்றவற்றுள் இதுவும் குறைந்ததல்ல.

நோயாளிக்கு இத்தகைய பயிற்சியால் எவ்வளவு நன்மை என்பது இன்னும் விவாதத்துக்குரியது. சேர்ந்து கற்கும் முறைகள் குறித்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முதல் பதிப்புக்கு, தகுதியுள்ள ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2013 பதிப்பில் 15 ஆய்வுகள் இடம்பெற்றன: ஏழில் நல்ல பலன், நான்கில் கலவையான பலன், நான்கில் பலன் இல்லை. இவை பயிற்சி வார்டுகளை மட்டும் பற்றியவை அல்ல.

இந்த விவாதத்துக்கு நடுவிலும், ஜெர்மனியில் 2017இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையில் இத்தகைய வார்டு தொடங்கப்பட்டது.