தில்லைக் காடும் இறாலின் வழியும்

தில்லை என்றவுடன் நம் நினைவில் எழுவது ஆடவல்லானின் திருத்தலமே. ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் தில்லை மரத்தைக் காண வேண்டுமெனில், சிதம்பரத்திலிருந்து கிழக்கே செல்ல வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்சேரும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரத்துச் சதுப்பில் அது சுரபுன்னையோடும் வெண்கண்டலோடும் இன்னும் நிற்கிறது.

படகில் சென்று படம்பிடித்துத் திரும்பும் நம்மில் பலர் இக்காட்டின் வரலாற்றை அறிந்தோமில்லை. ஆங்கிலேயர் கால வனத்துறைக்கு இது விறகுக் காடு. கூறுகூறாகப் பிரித்து, முறைவைத்து, ஒவ்வொரு கூற்றையும் முற்றாக வெட்டினர். வெட்டிய இடத்தில் தானே முளைக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. விடுதலைக்குப் பின்னும், 1970கள் வரை, இவ்வழக்கம் நீடித்தது. பல இடங்களில் மரம் முளைக்கவேயில்லை. பழி, மாடு மேய்த்தவர் மீதும் விறகு பொறுக்கியவர் மீதும் விழுந்தது. எளியோர் மீது பழிபோடுவது என்றும் எளிதுதானே!

காரணம் மண்ணில் இருந்தது. நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி, தொட்டிபோல் தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பாய்ச் செறிந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதனைக் கண்டறிந்து, வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் நட்ட கண்டல் தழைத்தது.

விறகுக் கணக்கில் ஏறாத பொருளொன்று உண்டு. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு சில வாரங்களில் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே உட்புகுகிறது. கண்டலிலை மட்கிய சேற்றில் இரைதேடி, வேர்களிடையே ஒளிந்து வளர்ந்து, சில மாதங்களில் கடலுக்கே மீள்கிறது. உப்பங்கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளரும், ஆழ்கடலில் வலையிழுக்கும் மீனவரும் இக்காட்டுக்குக் கடன்பட்டவர்களே. ஒரு கூற்றை வெட்டியபோது, பல கல் தொலைவில் வலையில் விழவேண்டியதையும் சேர்த்தே வெட்டினர் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆற்றின் கதை தனி. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் கொள்ளிடத்து வெள்ளம் ஒடுங்கியது. நன்னீர் குறையக் குறைய, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மிகுந்து, தாங்காத இனங்கள் பின்வாங்கின. 2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கொள்ளிடத்து நன்னீரோ பெரும்பாலும் மழைக்கால மாதங்களில்தான் அங்கே வந்துசேர்கிறது.