யார் தீட்டிய நிறம்?

அரக்கு மெருகிட்ட அட்டை, உள்ளே பக்கத்துக்கு ஒரு படம், எதிலும் கையொப்பம் கிடையாது. 1880களில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் ஊருக்கு வாங்கிப்போன ஆல்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் நிறம் தீட்டி விற்றார்கள். நூலகங்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் பிரதிகளை நான் பார்க்கத் தொடங்கியது, படம் எடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதல் துப்பு படத்தின் அடி ஓரத்தில் கிடைக்கும். வெள்ளை எழுத்தில் ஓர் எண், பக்கத்தில் ஆங்கிலத்தில் தலைப்பு. அவை நெகட்டிவிலேயே எழுதப்பட்டவை. குசாகாபே கிம்பே என்ற புகைப்படக்காரர் தன் ஸ்டூடியோவுக்காக அச்சிட்ட பட்டியலில் அதே எண்ணும் தலைப்பும் இருந்தால், அது அவர் கடைச் சரக்கு. அவரே எடுத்த படம் என்று அதற்குமேல் துணிந்து சொல்லிவிட முடியாது. நெகட்டிவ்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு லக்னோவின் சிதைவுகளைப் படமெடுத்தாரே ஃபெலிசே பியாட்டோ, அவர் 1863இல் யோகோஹாமா போய்ச் சேர்ந்தார். 1877இல் ஸ்டூடியோவையும் நெகட்டிவ்களையும் ஸ்டில்ஃப்ரீட் என்ற இன்னொரு புகைப்படக்காரரின் நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனத்தின் சரக்கு 1885இல் அடால்ஃபோ ஃபர்சாரி என்ற புகைப்படக்காரர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தீப்பிடித்து அவருடைய நெகட்டிவ்கள் எரிந்துபோயின. ஃபர்சாரி மாதக்கணக்கில் ஜப்பானைச் சுற்றிப் புதிதாகப் படமெடுத்து வந்து மறுபடி கடை திறந்தார். ஆக, பட்டியலை வைத்துக் கிடைக்கும் பெயர் விற்றவர் பெயராகவே இருக்கலாம். எடுத்தவரைப் பிடிக்க, பின்திரையையும் தரைப்பாயையும் வேறு ஆல்பங்களோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அப்படி ஒப்பிடும்போதுதான் நிறம் என் கண்ணில் பட்டது. ஒரே நெகட்டிவின் இரண்டு பிரதிகள். ஒன்றில் கிமோனோ நீலம், மற்றதில் பழுப்பு. மடிப்பு, நிழல், கொண்டை ஊசி எல்லாம் அச்சு மாறாமல் அப்படியே இருக்கின்றன. அந்தப் பெண் அன்று என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்பதற்கு இரண்டுமே சாட்சி ஆகாது.

கிம்பேயின் புகழ்பெற்ற புயல்மழைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண், காற்றில் விசிறும் உடை, சாய்ந்து விழும் மழை. எல்லாம் ஸ்டூடியோவுக்குள் நடந்தது. மழைத்தாரைகள் நெகட்டிவில் கீறியவை. உடையின் விளிம்பு பறப்பதுபோல் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் மேல் நிறம். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளின் வழவழப்பில் நீர்வண்ணம் சட்டென்று ஒட்டாது. அதனால் பசை கலந்து, மெல்லிய பூச்சாகத் தீட்டினார்கள். அடியிலிருக்கும் படத்தின் நிழல் அதன் வழியே தெரிகிறது. துணியின் கனத்தைக் காட்டுவது அந்த நிழல்தான். நிறத்தை அப்பியிருந்தால் அத்தனையும் செத்துப்போயிருக்கும். எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கைக்குரியவர் யார்? இங்கேதான் ஆவணம் வாய் மூடிக்கொள்கிறது. பியாட்டோவின் படங்களிலேயே தூரிகையோடு அமர்ந்திருக்கும் ஸ்டூடியோ ஓவியர் ஒருவர் இருக்கிறார். தலைப்பு அவர் தொழிலைச் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை. கிம்பேயும் இதே வேலையிலிருந்து வந்தவர்தான்; முதலில் பியாட்டோவிடம் நிறம் தீட்டும் உதவியாளராக இருந்தார் என்கிறார்கள் புகைப்பட வரலாற்றாசிரியர்கள். தனிக்கடை போட்டதால் அவர் பெயர் நமக்குக் கிடைத்தது.

மற்றவர்கள் எண்ணிக்கையாகத்தான் கிடைக்கிறார்கள். 1891இல் ஃபர்சாரியிடம் இருந்த 32 பணியாளர்களில் 19 பேர் நிறம் தீட்டுகிறவர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவருடைய முறையைப் பழகும் மாதங்களில் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நல்ல தரத்தில் ஒருவரால் ஒரு நாளில் இரண்டு மூன்று படங்களைத்தான் முடிக்க முடிந்தது. அதே தொழில் சில ஆண்டுகளில் வேறு வேகம் எடுத்தது. பிரிங்க்லி என்பவர் பதிப்பித்து அமெரிக்காவின் பாஸ்டனில் வெளியான ஜப்பான் பற்றிய நூல் தொகுதிகளில் நிஜமான கைவண்ணப் படங்களையே ஒட்டினார்கள். அதற்காக 1896இல் புகைப்படக்காரர் தமாமுரா கோசாபுரோவுக்கு வந்த ஆர்டர் பத்து லட்சம் படங்கள் அளவுக்கு. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்துத் தீட்டினார்கள். அந்தத் தொகுதிகளின் படங்களைப் பார்த்தால் அவசரம் தெரிகிறது: தூரத்து உருவங்களின்மேல் ஒரே இழுப்பு, கோடு தாண்டி வழிந்த பச்சை. நடுவில் திடீரென்று ஒரு படத்தில் மட்டும், விரல்நக அளவு முகத்தில் உதட்டுக்குச் சரியாக ஒரு சிவப்புப் புள்ளி.

இந்தப் படங்களுக்கு அட்டவணைக் குறிப்பு எழுதும்போது நான் இப்போது மூன்று வரி எழுதுகிறேன். எடுத்தவர், விற்றவர், நிறம் தீட்டியவர். மூன்றாவதில், 'யோகோஹாமா ஸ்டூடியோ பணியாளர், பெயர் பதியப்படவில்லை' என்று எழுதுகிறேன். எந்த ஸ்டூடியோ என்று தெரிந்தால் அதையும் சேர்க்கிறேன். அந்த வரியை வெட்டச் சொல்கிற பதிப்பாசிரியரிடம் அந்த உதட்டுச் சிவப்பைப் பெரிதாக்கிக் காட்டுவேன்.