பாலின விவகாரத் துணைக்குழு (இலங்கை, 2002–2003)

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நோர்வே நடுநின்று நடத்திய சமாதானப் பேச்சின் ஓர் அங்கம். 2002 டிசம்பரில் ஒஸ்லோ சுற்றில் இதை அமைக்க இசைவு கண்டார்கள். பிரதான பேச்சு மேசையில் ஆண்களே நிறைந்திருந்தார்கள். பெண்களுக்குக் கிடைத்தது பக்கத்து அறை என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் இரு போர்த்தரப்பும் பெண்களை மட்டுமே அனுப்பிய குழு உலகில் அரிது.

தரப்புக்கு ஐவர். அரசு சார்பில் வரலாற்றாளர் குமாரி ஜெயவர்த்தன, புலிகள் சார்பில் மகளிர் அரசியல் பொறுப்பாளர் தமிழினி ஆகியோர் தலைமை ஏற்றனர். நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபர்க் உதவினார். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியபோது மீள்குடியேற்றம், பெண்களின் உடல் பாதுகாப்பு, பிழைப்பு, அரசியல் பங்கேற்பு ஆகியவை பேசப்பட்டன. எல்லைக்கோடும் ஆயுதக் கணக்கும் மட்டுமல்ல, தண்ணீருக்குப் போகும் வழியில் அச்சமின்மையும் பாதுகாப்புதான் என்பது பெண்ணியப் பார்வை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானமும் (2000) சமாதான முயற்சிகளில் பெண்களின் பங்கேற்பை ஏற்கெனவே வலியுறுத்தியிருந்தது.

ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் குழுவும் முடங்கியது. தமிழினியின் தன்வரலாறான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, அவர் 2015இல் மறைந்த பின் நூலாக வந்தது.