நெட்டப்பாக்கம் போகும் வழியில் பிரான்ஸ்

செங்காங்கில் என் வீட்டு மடிக்கணினியில் பாதி நிரப்பிய குடியுரிமை விண்ணப்பம் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. இங்கேயே பொறியியல் படித்து, இங்கேயே வேலைக்குப் போய், பத்து வருடம் ஓடிவிட்டது. சிங்கப்பூர்க் குடிமகனானால் இந்தியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். அந்த இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ யோசன? வண்டில ஏறு, ஒரு எடம் காட்டுறேன்" என்றார்.

வில்லியனூரிலிருந்து நெட்டப்பாக்கம் பக்கம் போனோம். வழியில் மாநிலம் மாறி மாறி வந்தது. "சாராயக்கட தெரிஞ்சா பாண்டி, டாஸ்மாக் தெரிஞ்சா தமிழ்நாடு. அவ்ளோதான்டா கணக்கு."

இந்தச் சிதறலுக்குக் காரணம் பதினெட்டாம் நூற்றாண்டு. துய்ப்ளே காலத்தில், கர்நாடக நவாப் பதவிச் சண்டையில் பக்கம் எடுத்ததற்குப் பிரெஞ்சுக்காரர்களுக்கு வில்லியனூர், பாகூர் பகுதிகள் கிடைத்தன. பிறகு பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1814 பாரிஸ் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தபோது, புதுச்சேரி துண்டு துண்டாகவே நிலைத்துவிட்டது.

நெட்டப்பாக்கத்தில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகையைப் பார்த்தேன். கொம்யூன் என்பது பிரான்ஸின் அடிமட்ட நிர்வாகப் பிரிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் அதற்கு உண்டு. 1880இல் ஓர் ஆணை மூலம் அது இங்கே வந்தது. முதலில் 10 கொம்யூன்கள். 1907இல் 17 ஆயின: புதுச்சேரியில் 8, காரைக்காலில் 6, மாஹே, ஏனாம், சந்திரநாகூரில் தலா 1. நெல்வயல் நடுவே இருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் திருபுவனைக்கும் பிரெஞ்சுக் குடியரசின் சட்டப்படி மேயர்!

ஆனால் சமத்துவம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. 1881இல் வந்த ஆணை, தன் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவருக்கு ஒரு வழி திறந்தது. துறந்தவர், துறக்காதவர் என்று மக்கள் பிரிந்தார்கள். ஒன்றைப் பெற ஒன்றை விடச் சொல்லும் காகிதம் எனக்கு மட்டும் வந்ததில்லை.

1954இன் முற்பாதியில் இதே நெட்டப்பாக்கத்தில்தான் எதுவார் குபேரும் அவரோடு இருந்தவர்களும் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகத் தற்காலிக அரசு அமைத்தார்கள்.

திரும்பும் வழியில் சித்தப்பா வண்டியைக் கீழூரில் நிறுத்தினார். சின்னக் கிராமம், ஒரு நினைவுச் சின்னம். 1954 அக்டோபர் 18 அன்று இங்கே கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

சந்திரநாகூரில் அப்படி இல்லை. 1949இல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள்: ஆதரவு 7,473, எதிர்ப்பு 114. நம் பக்கத்தில் மக்களுக்குப் பதில் மன்ற உறுப்பினர்கள்.

"தாத்தாவ யாரும் கேக்கலயா சித்தப்பா?"

"அப்போ கேக்கல. அப்பறம் கேட்டாங்க."

அவர் சொன்னது சரிதான். இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பாரிஸில் இருக்கிறார்கள்.

"தாத்தா ஏன் எழுதிக் குடுக்கல?"

"தை மாசம்டா. களத்துல நெல்லு கெடந்துச்சு. யாரு போயி எழுதுறது?" சிரித்தார். "அவருக்கு ஆறு மாசம் குடுத்தாங்க. ஒனக்குக் கெடுவே இல்ல. அதான் உக்காந்திருக்க."

தாத்தா யோசித்துத்தான் விட்டாரா, அறுவடை அவருக்காக முடிவெடுத்ததா என்று சித்தப்பாவுக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆறு மாதம் முடிந்த நாளில், எதையும் எழுதாமலே தாத்தா இந்தியர் ஆகியிருந்தார்.

செங்காங் திரும்பிய இரவு விண்ணப்பத்தைத் திறந்தேன். அன்றும் முடிக்கவில்லை. ஆனால் நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவைத்தேன்.