கைகுலுக்கும் மூட்டை

1960களில் மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேளுங்கள். கென்னடிக்கு முன்னால் உப்புமா வரும். மக்காச்சோள ரவையில் கிண்டிய மஞ்சள் உப்புமா. அதோடு, பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய பால். அந்த ரவை வந்த மூட்டையில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் ஒரு கேடயம் அச்சடித்திருக்கும். கேடயத்தின் குறுக்கே இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். அமெரிக்க மக்கள் கொடுத்தது, விற்கவோ மாற்றவோ கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எழுத்து புரியாத பிள்ளைகளுக்கும் கை புரிந்தது.

மதுரைக்கும் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவுக்கும் என்ன தொடர்பு என்றால் வழக்கமாக மேலமாசி வீதியைக் காட்டுவார்கள். 1921 செப்டம்பரில் காந்தி அங்கேதான் அரைவேட்டிக்கு மாறினார். அவர் வழியைப் படித்த மார்ட்டின் லூதர் கிங் 1959ல் காந்திகிராமம் வரை வந்துபோனார். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. பெருமையும் அதிகம். எனக்கு அந்த மூட்டையின் கதைதான் கூடுதலாக விஷயம் உள்ளதாகப் படுகிறது.

மூட்டை கிளம்பிய இடத்தைத் தேடினால் முதல் உலகப்போரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1917ல் அமெரிக்கா போரில் இறங்கியதும், ஐரோப்பாவுக்கு அனுப்பக் கோதுமை வேண்டுமென்று அரசு விலைக்கு உத்தரவாதம் கொடுத்தது. ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல். கான்சஸ், ஒக்லஹோமா சமவெளிகளில் காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லைப் புரட்டிப்போட்டு உழுதார்கள். போர் முடிந்தது, விலை விழுந்தது. 1932ல் அதே புஷல் 38 சென்ட். விலை விழுந்தால் விவசாயி குறைவாக விதைப்பான் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்லும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது விவசாயி கூடுதலாகத்தான் விதைப்பான். அவர்களும் விதைத்தார்கள். பிறகு மழை பொய்த்தது. பிடிக்கப் புல் இல்லாத மண் காற்றில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருட்டியது. அந்த நாளை அவர்கள் இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள்.

1933ல் ஜனாதிபதி பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட், விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டார். விதைக்காமல் இருக்கப் பணம் கொடுத்தார். அந்த வருஷம் சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை அரசே வாங்கிக் கொன்றது. முளைத்து நின்ற பருத்தி ஒரு கோடி ஏக்கரில் உழுது மடக்கப்பட்டது. ஊரெல்லாம் பட்டினி கிடக்கும்போது நடந்த காரியம் இது. தெற்கு மாநிலங்களில் இன்னொன்றும் நடந்தது. விதைக்காததற்கு வந்த பணம் நிலச்சொந்தக்காரர் கைக்குப் போனது. வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவர்களுக்கு, அவர்களில் ஏராளமானோர் கறுப்பினத்தவர், வேலையும் போனது, குடியிருந்த குடிசையும் போனது. வாரக்குடி என்ற சொல்லின் முழு எடையும் தெரிந்த மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிக் கிளம்பியவர்கள் வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் என்று போய்ச் சேர்ந்தார்கள்.

விதைக்காததற்குப் பணம் கொடுத்த சட்டத்தை 1936ல் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. வேறு உருவில் அது திரும்பி வந்தது. விலை விழாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு, விழுந்தால் அரசே தானியத்தை எடுத்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு மட்டும் அசையவில்லை. டிராக்டர், ரசாயன உரம், வீரிய மக்காச்சோளம் எல்லாம் வந்த பிறகு அரசின் கிட்டங்கி நிரம்பி வழிந்தது. 1946ல் ட்ரூமன் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிள்ளைகள் மேலிருந்த அக்கறை பாதி, கிட்டங்கியைக் காலி செய்யும் அவசரம் பாதி. அதுவும் போதவில்லை. 1954 ஜூலை 10 அன்று ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச்சட்டம் 480 மிச்சத் தானியத்துக்குக் கடல் தாண்டும் வழியைத் திறந்தது. பி.எல். 480 என்றால் நம் ஊர் ரேஷன் கடை வரைக்கும் தெரிந்த பெயர்.

அந்தச் சட்டத்தில் இரண்டு வாசல் இருந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்று விற்பனை: டாலர் இல்லாத நாடுகள் தங்கள் நாணயத்திலேயே விலை கொடுக்கலாம். இன்னொன்று தானம்: கேர் போன்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக இலவசமாகப் போகும். ரேஷன் கோதுமை முதல் வாசல் வழியே வந்தது. பள்ளிக்கூட மூட்டை இரண்டாவது வாசல் வழியே வந்தது.

இங்கே அதற்குள் உலை கொதித்துக்கொண்டிருந்தது. காமராசர் 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும்தான். பிறகு ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு வைத்து, அரசு ஆறு, ஊர் நாலு என்று பிரித்தார்கள். கல்வித் துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி ஊராரைக் கொடுக்க வைத்தார். 1961ல் கேர் வந்து சேர்ந்தது. பால் பவுடர், எண்ணெய், மக்காச்சோள ரவை, வேகவைத்து உலர்த்தி உடைத்த பல்கர் கோதுமை. அமெரிக்கா பள்ளிக்கூடச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பு. பந்தி ஐந்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பதார்த்தம் அனுப்பினார்கள்.

சமையலம்மாக்கள் அதைச் சாப்பிடும்படி ஆக்கியதுதான் அந்தப் பயணத்தில் ஆகக் கடினமான பகுதி என்பேன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்குச் சோளம் தெரியும், கம்பு தெரியும், குதிரைவாலி தெரியும். மக்காச்சோள ரவை அன்னியம். அது கூழாகவும் கரையாது, சோறாகவும் நிற்காது. கடுகும் மிளகாய் வற்றலும் போட்டுத் தாளித்து உப்புமா ஆக்கிய பிறகுதான் உள்ளே இறங்கியது. பால் பவுடரைச் சமைக்க விடாமல் உள்ளங்கையில் கொட்டி நக்கி, மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்ட தலைமுறை ஒன்று இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

இதே மூட்டை அமெரிக்காவுக்குள்ளேயே என்ன செய்துகொண்டிருந்தது? மிசிசிப்பி மாநிலத்தில் லீஃப்ளோர் என்றொரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. அங்கே பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் உயிர் வாழ்ந்தது இந்த மிச்சத் தானியத்தில்தான்: மாவு, அரிசி, பால் பவுடர். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காக நின்ற மாணவர் அமைப்பினர் அந்தக் கவுண்டியின் கிரீன்வுட் ஊரில் அவர்களை வாக்காளர்களாகப் பதியும் வேலையைத் தொடங்கினார்கள். உடனே கவுண்டி நிர்வாகம் விநியோகத்தை நிறுத்திவிட்டது. 1962–63 குளிர்காலம் அது. பாதிக்கப்பட்டவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். பதிவுக்குப் போனதற்குத் தண்டனை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நகைச்சுவை நடிகர் டிக் கிரிகரி விமானத்தில் உணவு கொண்டுபோய் இறக்கினார். ஆனால் நிறுத்தியவர்கள் எதிர்பார்த்தது தலைகீழானது. ஓட்டுக்கும் சோற்றுக்கும் உள்ள சம்பந்தம் புரியாமல் இருந்தவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. பதிவு அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது. அந்தக் குளிர்காலத்தில் மதுரைப் பிள்ளைகளின் தட்டில் விழுந்த அமெரிக்க மாவு, அந்த அமெரிக்கப் பிள்ளைகளின் தட்டில் விழவில்லை.

அடுத்து 1965 கோடை. இவ்வளவு காரியத்தை ஒரே ஆள் ஒரு கோடையில் செய்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை. அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் இளவயதில், 1928ல், டெக்சாஸின் கொட்டுல்லா ஊரில் ஏழை மெக்சிகோ வம்சப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகளைப் பார்த்ததை 1965 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நின்று நினைவுகூர்ந்தார். ஜூலையில் வியட்நாமுக்கு மேலும் படை அனுப்புவதாக அறிவித்தார். அதே மாதம் முதியோர் மருத்துவச் சட்டம். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். கிரீன்வுட் நிர்வாகிகள் செய்த வேலைக்கு அது பதில். கோடை முடிந்ததும் அக்டோபரில் குடியேற்றச் சட்டம். இதற்கு நடுவில், இந்தியாவுடனான தானிய ஒப்பந்தம் ஜூனோடு முடிந்தபோது நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்தார். மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கப்பல் வரும் என்றார். விவசாயத்தில் முதலீடு செய்யுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்பது வெளிப்படையான நிபந்தனை. வியட்நாம் குண்டுவீச்சை டில்லி கண்டித்தபோதெல்லாம் கப்பல் தாமதமானது. தன் நாட்டில் சோற்றைக் காட்டி ஓட்டைப் பறித்தவர்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தவர், கடலுக்கு இந்தப் பக்கம் அதே கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

நம் தரப்பில் கயிற்றின் மறுமுனையில் இருந்தவரும் தமிழர்: உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாயச் செயலர் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, வீரிய விதை, உரம், விலை என்று ஒப்புக்கொண்டு வந்தார். நெருக்கிப் போட வைத்தார்கள் என்றும் சொல்லலாம், அவர் செய்ய நினைத்ததற்கே அமெரிக்க நெருக்கடியைச் சாக்காகப் பயன்படுத்தினார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னார். இரண்டு வருஷம் வறட்சி. 1966ல் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. கப்பலிலிருந்து வாய்க்கு என்று அந்தக் காலத்தைக் கேலியாகச் சொல்வார்கள்.

மதுரையில் அந்த வருஷங்கள் அரிசிக்குத் தவித்த வருஷங்கள். ரேஷனில் கோதுமை கிடைக்கும். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும் கொத்தனாருக்குச் சோறு வேண்டும். 1965 ஜனவரியில் மதுரையில் மூண்ட இந்தி எதிர்ப்புக் கலவரமும் இதோடு சேர்ந்துகொண்டது. 1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். காமராசர் தன் சொந்த விருதுநகரில் சீனிவாசன் என்ற இளைஞரிடம் தோற்றார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், பெற்றோர்களின் உலையில் அரிசி இல்லாததால் தோற்றார் என்று சொன்னால் பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பாதியை விட்டுவிட்டு அந்தத் தேர்தலை எழுத முடியாது. படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கியது. மதுரைக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்திருப்பார்களா?

அமெரிக்காவில் பசி ஒழிந்துவிடவில்லை. 1967 ஏப்ரலில் ராபர்ட் கென்னடி மிசிசிப்பியில் வயிறு ஊதிய குழந்தைகளைப் பார்த்து அதிர்ந்துபோனார். 1969 ஜனவரியில் ஓக்லாந்தில் கறுஞ்சிறுத்தைக் கட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடத் தொடங்கியது. உளவுத்துறைக்கு அது ஆயுதத்தை விடப் பெரிய தொல்லையாகத் தெரிந்தது. எட்டயபுரத்து இலை அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மூத்தது.

மிச்சம் தீர்ந்தது 1972ல். நிக்சன் அரசு சோவியத் யூனியனுக்குக் கோதுமையை மலையாக விற்றது. கிட்டங்கி காலி, உலகச் சந்தையில் விலை எகிறியது. மூட்டை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வந்தது, ஆனால் பழைய தாராளம் போய்விட்டது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது சட்டியில் நம் அரிசி. இப்போது பேரையூர், டி. கல்லுப்பட்டிக் கரிசலில் மக்காச்சோளம் செழிக்கிறது. கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018ல் அதை மேய்ந்து தீர்த்த புழுவின் பெயரும் அமெரிக்கப் படைப்புழு.

ரேஷன் கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் என்ன ஆனது என்பது தனிக் கதை. அது இந்திய வங்கியில் அமெரிக்காவின் பெயரில் குவிந்தது. வெளியே எடுத்துப் போக முடியாது, இங்கேயே செலவழிக்க வேண்டும். பெரும்பகுதியை 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதற்கு முன்பு செலவான ரூபாயில் ஒரு துளி புத்தகமானது. 1962ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டில்லியில் அலுவலகம் போட்டு, இந்திய மொழிகளில் அச்சானவற்றை வாங்கி வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் உண்டு. 1961ல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனமும் இதே ரூபாயில் வளர்ந்தது; அதன் தமிழ்ப் பள்ளி மதுரையில் இருக்கிறது. அமெரிக்க மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள், மதுரைத் தமிழில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிப் பழகுகிறார்கள். எதிர்த்திசையில், ஜான்சனின் குடியேற்றச் சட்டம் திறந்த கதவு வழியே மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் போனார்கள்.

அந்தக் கோதுமைக் காசில் வாங்கிய புத்தகங்களின் பட்டியல் அட்டையில் பி.எல். 480 என்றே குறித்திருப்பார்கள். இங்கே பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போன நாவல்களும் சிறு வெளியீடுகளும் சிகாகோவிலும் விஸ்கான்சினிலும் அடுக்கில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டிய தமிழ் ஆய்வாளர் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.