வலை வீசும் காலம்: வடசென்னைக் கரையின் மீன் பருவங்கள்

உழவர்கள் ஆடிப் பட்டம், தைப் பட்டம் எனக் காலம் பார்த்து விதைப்பதை நாம் அறிவோம். கடலில் விதைப்பு கிடையாது. அறுவடை மட்டுமே உண்டு. ஆயினும் அங்கும் பட்டம் பார்க்க வேண்டும். எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்த வலையோடு கடலுக்குப் போவது என்பதைக் காற்றும் நீரோட்டமும் ஆற்று முகத்துவாரமும் நெடுங்காலம் முடிவு செய்து வந்தன. கடந்த 150 ஆண்டுகளில் இந்த முடிவு சிறிது சிறிதாகத் துறைமுகத்தின் கைக்கும், எஞ்சினின் கைக்கும், இறுதியில் சட்டத்தின் கைக்கும் மாறியது. அம்மாற்றத்தை வடசென்னைக் கரையில் தெளிவாகக் காணலாம்.

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே உள்ள சாத்தாங்காடு இன்று இரும்பு, எஃகுச் சந்தையால் அறியப்படும் ஊர். லாரிகளின் இரைச்சலில் நிற்பவருக்குக் கடலின் நினைவு வராது. ஆனால் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலேயே வங்கக் கடல் இருக்கிறது. வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழி உள்ளது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இக்கரையில் மீனவக் குப்பங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

நாளின் இரு காற்றுகள்

முதலில் ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம். பகலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல்நீர் மெதுவாகவே சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமடைந்து மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசுகிறது. இதுவே கடற்காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்புகிறது. இது நிலக்காற்று.

பாய் விரித்த கட்டுமரத்துக்கு இவ்விரு காற்றுகளே எஞ்சின். விடியலுக்கு முன் நிலக்காற்றில் பாய் விரித்தால் மரம் தானே கடலுக்குள் செல்லும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்போது அதே பாய் மரத்தைக் கரைக்குக் கொண்டுவரும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதித்தால், கரை திரும்புவதும் தாமதப்படும். கட்டுமரம் எவ்வளவு தொலைவு போகலாம் என்ற எல்லையையும் இந்தக் காற்றுகளே வகுத்தன. அந்த எல்லைக்கு அப்பாலிருந்த மீன்கள் பெரும்பாலும் மனிதர் கைக்கு எட்டாமலே வாழ்ந்தன. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டின் இரு பருவங்கள்

அடுத்தது ஆண்டின் கணக்கு. வங்கக் கடலின் மேற்குக் கரையோரம் ஓடும் நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. மாசி, பங்குனி வாக்கில் அது தெற்கிலிருந்து வடக்கே வலுவாக ஓடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே திரும்பிவிடுகிறது. அப்போது கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய ஆறுகள் கொட்டிய நன்னீரின் ஒரு பகுதி நம் கரையோரமாக வந்து கடலின் உவர்ப்பைக் குறைக்கிறது. உவர்ப்பும் வெப்பநிலையும் மாறினால் மிதவை உயிரிகள் மாறும். மிதவை உயிரிகள் மாறினால் அவற்றை உண்ணும் மீன் கூட்டங்களும் இடம் மாறும். நீரின் நிறத்தையும் ஓட்டத்தின் திசையையும் பார்த்து மீனவர் வலையைத் தேர்ந்தெடுப்பதன் அடிப்படை இதுவே.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வேறொன்று நிகழ்கிறது. பூமி சுழல்வதால், வடகோளத்தில் காற்றினால் தள்ளப்படும் மேல்நீர் காற்று போகும் திசைக்கு வலப்புறமாக விலகுகிறது. நம் கரையில் வலப்புறம் என்பது ஆழ்கடற்பக்கம். மேல்நீர் அப்படி விலக, அடியிலுள்ள குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. இதற்கு மேலெழு நீர் என்று பெயர். 1950களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அமெரிக்க அறிஞர் லஃபாண்ட் இந்தியக் கிழக்குக் கரையில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தார். இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய இடங்களைக் கணித்து அறிவிக்கிறது. கட்டுமரத்திலிருந்தவர் கண்ணாலும் கையாலும் அறிந்ததைச் செயற்கைக்கோள் வானிலிருந்து அளக்கிறது எனலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் காலம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் மரங்கள் கரையிலேயே கிடக்கும். ஆண்டுதோறும் கடல் தானாகவே விட்ட விடுமுறை இது.

முகத்துவாரம் திறக்கும் காலம்

அதே மழைக்காலம் எண்ணூர்க் கழிக்குப் புத்துயிர் தரும் காலமாகும். சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இப்பருவத்தில்தான் பெய்கிறது. கோடையில் அலைகள் வடக்கு நோக்கி நகர்த்தும் மணல் ஆற்றின் வாயை அடைக்க முயலும். மழை வெள்ளம் வந்து அதை உடைத்துத் திறக்கும்.

இதில் இறாலின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. நுண்ணிய இளவுயிர்கள் ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியே கழிக்குள் நுழைகின்றன. உவர்ப்பு குறைந்த, சேறு நிறைந்த, தீனி மிகுந்த கழியில் சில மாதம் வளர்ந்து, வற்றநீரோடு மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் மிகும். இரவின் வற்றத்தில் வெளியேறும் இறாலைக் கழியிலுள்ளோர் வலைகட்டிப் பிடிக்கின்றனர். மடவை மீனின் போக்கும் இதை ஒத்ததே. அதுவும் கழியில் வளர்ந்து, மழை வெள்ளத்தின்போது முட்டையிடக் கடலுக்குப் போகிறது.

ஆகவே கழியில் இடமும் காலமும் பொன்னாகும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வழங்கிவரும் ‘பாடு’ முறை இதனால் தோன்றியது. எந்த ஊரார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. காலத்தைப் பங்கிடும் சட்டத்தை அரசு இயற்றுவதற்கு முன்பே மீனவர் இயற்றியிருந்தனர்.

ஏட்டில் ஏறிய அறிவு

இந்தக் கரையறிவு 19ஆம் நூற்றாண்டில் அரசின் ஏடுகளில் ஏறத் தொடங்கியது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய, பர்மியக் கடல் மீன்வளம் பற்றி 1873ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். ‘இந்திய மீன்கள்’ என்ற அவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை வெளிவந்தது. சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அலுவலகம் அமைந்தது.

அத்துறையின் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் கோலா மீன்பிடிப்பைப் பற்றி 1923இல் எழுதினார். கோலா என்பது பறக்கும் மீன். மே முதல் ஜூலை வரை மீனவர் தழைக் கட்டுகளைக் கட்டுமரத்தோடு கட்டி மிதக்கவிடுவர். கோலா தன் முட்டைகளை மிதக்கும் பொருள்களில் ஒட்டவைக்கும் இயல்புடையது. தழையை நாடிக் கூட்டம் கூட்டமாக வரும் மீன்களை மீனவர் வலையால் அள்ளிக்கொள்வர். மீன் எப்போது முட்டையிடும் என்பதைத் துல்லியமாக அறிந்தவர்களே இப்படிப் பிடிக்க முடியும். அதேபோது, முட்டையிட வரும் மீனைப் பிடிப்பது எதிர்காலத்தைப் பிடிப்பதாகும் என்ற கேள்வியும் இதில் மறைந்திருக்கிறது. கட்டுமரங்கள் மட்டுமே கடலில் இருந்தவரை அக்கேள்வி பெரிதாக எழவில்லை.

துறைமுகமும் எஞ்சினும்

1875ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் அதன் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்க அந்நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. வடக்கே நகரும் மணலை இச்சுவர்கள் தடுத்தன. அதனால் தெற்கே மெரினாவின் மணற்பரப்பு அகன்றது; வடக்கே ராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. நாளடைவில் பல இடங்களில் மணல் இருந்த இடத்தில் கற்குவியல் வந்தது. கட்டுமரத்தை ஏற்றவும் கரைவலையை இழுக்கவும் மணற்கரை வேண்டும். மணல் போன இடத்தில், பருவம் சரியாக இருந்தும் வலை இழுக்க நிலம் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது மாற்றம் விசைப்படகு. 1960களிலிருந்து இறால் ஏற்றுமதி பெருகவே, கடலடியைத் துழாவும் இழுவலைப் படகுகள் பெருகின. 1980களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. எஞ்சினுக்கு நிலக்காற்றும் தேவையில்லை, கடற்காற்றும் தேவையில்லை. கட்டுமரம் எட்டாத தொலைவில் ஒதுங்கியிருந்த மீனுக்கு இனி ஒதுங்க இடமில்லை. காற்று வகுத்த எல்லை அழிந்தது.

சட்டம் வகுத்த பருவம்

இதனால் 1970களின் பிற்பகுதியில் கட்டுமர மீனவருக்கும் இழுவலைப் படகினருக்கும் மோதல்கள் மூண்டன. 1983ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் வரை, விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்றும், காலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன. கட்டுமரத்துக்குக் காற்று விதித்ததை விசைப்படகுக்குக் கடிகாரம் விதித்தது.

2001இல் ஏப்ரல் 15 முதல் 45 நாள் தடைக்காலம் தொடங்கியது. 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. தமிழ் நாட்காட்டியில் ஏறத்தாழச் சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்கள் முழுவதும் இதில் அடங்கும். பல மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதே இதற்குக் காரணம். எஞ்சின் இல்லாத கட்டுமரங்களுக்கு இத்தடை கிடையாது. மேற்குக் கரையில் பருவமழை ஜூனில் தொடங்குவதால் அங்கே தடையும் பிந்தி வருகிறது. கேரளம் 1988இலேயே மழைக்கால இழுவலைத் தடையைத் தொடங்கிவிட்டது.

தடைக்காலம் நல்ல ஏற்பாடே. எனினும் எல்லா மீனுக்கும் ஒரே நாட்காட்டி பொருந்துவதில்லை. மழை வெள்ளத்தோடு முட்டையிடப் புறப்படும் மடவைக்குச் சித்திரைத் தடையால் நேரடிப் பயன் இல்லை. கழிக்குள் வளரும் இறால் குஞ்சுக்குத் தேவை திறந்த முகத்துவாரமும் தூய நீரும்தான். கழியிலோ அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளநீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியில் பரவியது. ஆறு முகத்துவாரத்தைத் திறந்து கழியைப் புதுப்பிக்கும் அந்த மாதத்திலேயே இது நேர்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வேறு மாதத்தில் வந்திருந்தாலும் தீங்குதான். ஆனால் நாற்றங்காலில் நெருப்பு விழுவதற்கும் தாளடியில் விழுவதற்கும் வேறுபாடு உண்டு.

61 நாள் படகுகளைக் கட்டிவைத்தால் கடலுக்கு ஓய்வு கிடைக்கும். கழிக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமானால் கரையிலுள்ள ஆலைகளுக்கும் மழைக்காலம் என்பது எச்சரிக்கைக் காலமாக வேண்டும். பாடு முறையை வகுத்தவர்கள் நீரையும் நாளையும் சேர்த்தே பங்கிட்டனர். நம் சட்டம் நாளைக் குறித்துவிட்டது. நீரைக் காப்பது இன்னும் பாக்கி இருக்கிறது.